ஆற்றுப்படுத்துவார் யார்?

2023 செப்டம்பரில் என் சித்தியின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டதாக அதில் இருந்தது. வங்கியில் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் வரவு இல்லை. கவுண்டரில் இருந்தவர், "எங்களுக்குப் பணம் வரல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார். தாலுகா அலுவலக உதவி மையத்தில் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பணம் போயிருச்சே, பேங்க்ல கேளுங்க" என்றார்கள். இ-சேவை மையத்தில் மேல்முறையீட்டுப் படிவம் இருந்தது. ஆனால் அது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கானது, சித்தியின் விண்ணப்பமோ ஏற்கப்பட்டுவிட்டது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது: மனுதாரருக்கு உரிமைத்தொகை வழங்கப்பட்டு வருகிறது, மனு முடிக்கப்படுகிறது.

நான்கு இடங்களிலும் சித்திக்குச் சொல்லப்பட்டது உண்மைதான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. நான்கு நாள் காட்டு வேலைக் கூலி போனது. பணம் மட்டும் வரவில்லை.

தெருவில் மகளிர் குழு நடத்தும் அக்கா ஒருவர் ஒரு மாலையில் இதைக் கேள்விப்பட்டார். "ஏத்தா, கேஸ் மானியம் எந்தப் புஸ்தகத்துல வந்துச்சு? அதை எடுத்துட்டு வா, நானும் கூட வாரேன்" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் எரிவாயு மானியத்துக்காக வேறொரு வங்கியில் திறந்து, பிறகு மறந்தே போன கணக்கு அது. ஆதார் எண் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருந்தது, பணமும் அங்கேதான் மாதாமாதம் சேர்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது? முந்தின மாதம் அவருக்கும் இதே சிக்கல் வந்திருந்தது. அவ்வளவுதான்.

நான்கு அலுவலகங்களில் கிடைக்காதது ஒரு தெருத் திண்ணையில் கிடைத்ததற்கு என்ன காரணம்? இந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது. உதவி கேட்பவருக்கு நல்ல துணை ஏன் கிடைப்பதில்லை? குறை கேட்பவரிடமா, கொடுப்பவரிடமா, இருவருக்கும் நடுவில் கிடக்கும் வழியிலா?

துணை என்றால் என்ன?

உதவி என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் வெளியிட்ட நூலில் மனிதர் ஒருவருக்கொருவர் தரும் துணையை நான்காகப் பிரித்தார். முதலாவது மனத்துக்கு ஆறுதலாக இருப்பது. இரண்டாவது பணம், பொருள், உடலுழைப்பு என்று கைகொடுப்பது. மூன்றாவது தகவல் சொல்வது. நான்காவது, நாம் எந்த நிலையில் நிற்கிறோம் என்று நாமே எடைபோட்டுப் பார்க்க உதவுவது. 1985இல் ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அப்போது என்ன தேவையோ அதற்குப் பொருந்துகிற துணைதான் அவரைத் தாங்கும் என்பது அவர்கள் வந்தடைந்த முக்கியமான முடிவுகளில் ஒன்று.

ஊர்க்கண்ணுக்கும் இது தெரிந்த விஷயம்தான். இழவு வீட்டில் போய்ச் சொத்துப் பத்திரத்தைப் பற்றி அறிவுரை சொன்னால் அது துணையாகாது. பத்திரம் தொலைந்து தவிப்பவரிடம் "எல்லாம் சரியாயிரும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாலும் ஆகாது. என் சித்திக்கு வேண்டியிருந்தவை இரண்டே: எந்தக் கணக்கில் பார்க்க வேண்டும் என்ற தகவல் ஒன்று, கூட வந்து நிற்க ஓர் ஆள் ஒன்று. அலுவலகங்கள் அவருக்குத் தந்தது பதில்.

பதிலும் துணையும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

கேட்கத் தயங்கும் நாக்கு

சிக்கல் கதவைத் தட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. திருக்குறளில் 106ஆம் அதிகாரம் இரவு, 107ஆம் அதிகாரம் இரவச்சம். கேட்கத் தகுந்தவரிடம் கேட்பதில் குற்றமில்லை என்று முதல் அதிகாரம் தைரியம் சொல்கிறது. மகிழ்ந்து கொடுப்பவரிடம்கூடக் கேட்காமல் இருப்பதே மேல் என்று அடுத்த அதிகாரம் தடுக்கிறது. இவை இரண்டையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததை முரண்பாடாக நான் நினைக்கவில்லை. உதவி கேட்கப் புறப்படும் ஒவ்வொருவர் மனத்திலும் இந்த இரண்டு அதிகாரங்களும் ஒரே நேரத்தில்தான் ஓடுகின்றன.

இந்தக் கூச்சத்தைச் சிறுபாணாற்றுப்படை ஒரு சமையலறைக்குள் கொண்டுபோய்க் காட்டுகிறது. பாணன் ஒருவன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். சமையற்கட்டில் அண்மையில் குட்டி ஈன்ற நாய் பசியோடு கிடக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பசியில் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அண்டை அயலார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தாரோடு சேர்ந்து அதை உண்கிறாள். சங்கப் புலவர் நத்தத்தனார் பசியை மட்டும் பாடிவிட்டு நிறுத்தவில்லை. சாத்திய அந்தக் கதவையும் பாடினார். உதவிக்கும் தேவைக்கும் நடுவில் நிற்கும் முதல் கதவு, தேவைப்படுபவர் தானே சாத்திக்கொள்ளும் கதவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்து ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. பிரான்சிஸ் ஃபிளின், வெனெஸ்ஸா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவரிடம் சிறு உதவிகளைக் கேட்கும்படி ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று போகும் முன்பே கணிக்கச் சொன்னார்கள். உண்மையில் சம்மதித்தவர்கள் அந்தக் கணிப்பைவிட மிக அதிகம். சில சோதனைகளில் ஏறத்தாழ இரு மடங்கு. கேட்பவர் தன் கூச்சத்தை எடைபோடுகிறார். முகத்துக்கு நேரே ஒருவரை மறுக்கும் சங்கடம் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை எடைபோட மறந்துவிடுகிறார்.

தெருவில் வழி கேட்பதற்கு இது சரி. அலுவலகத்தில் வழக்கு வேறு. அங்கே மறுப்பது ஒரு முகமல்ல, ஒரு முறைமை. முறைமைக்கு முகக்கூச்சம் கிடையாது. ஆகவே தயக்கத்தை விட்டுக் கேட்டவருக்கும் கிடைக்காமல் போவது ஏன் என்பதே அடுத்த கேள்வி.

கதவுகள் பெருகிய காலம்

உதவி கேட்க இன்று இருக்கும் அளவுக்கு வாசல்கள் முன்பு எப்போதும் இருந்ததில்லை. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மூத்த குடிமக்களுக்கு 14567, இணையப் பண மோசடிக்கு 1930, இலவச சட்ட உதவிக்கு 15100, மனநலத்துக்கு 14416, முதலமைச்சர் உதவி மையத்துக்கு 1100. இவற்றோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், கிராமங்களில் மனுநீதி நாள் முகாம். 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' திட்டத்துக்கு மாநிலம் முழுவதும் 10,000 முகாம்கள் அறிவிக்கப்பட்டன. மனுக்களுக்கு 45 நாள்களுக்குள் தீர்வு என்ற வாக்குறுதியும் தரப்பட்டது.

இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பேருந்துச் சாலை வரை ஓடிய காலம் என் நினைவில் இருக்கிறது. 2008இல் தமிழ்நாட்டுக்கு 108 வந்த பிறகு அது மாறியது. அந்தச் சேவை வென்றதற்குக் காரணம் வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. அழைப்பவருக்கு எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, யாருடைய எல்லை என்று எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆனது என்று சொன்னால் போதும். மீதி வழியைக் கண்டுபிடிப்பது அவர்கள் பொறுப்பு.

மற்ற வாசல்களில் இது தலைகீழாக இருக்கிறது. எந்த வாசல் தன் வாசல் என்று கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சுமையை அமெரிக்க அறிஞர்கள் பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் இருவரும் 2018இல் வெளியிட்ட நூலில் மூன்று செலவுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு என்ன உரிமை இருக்கிறது, எங்கே கேட்பது என்று அறிந்துகொள்ளும் செலவு முதலாவது. சான்றிதழ், நகல், வரிசை, பேருந்துக் காசு, இழந்த கூலி என்று நிபந்தனைகளை நிறைவேற்றும் செலவு இரண்டாவது. கெஞ்சி நிற்பதன் அவமானமும் பதில் வருமா என்ற பதற்றமும் சேர்ந்த மனச்செலவு மூன்றாவது. யாரிடம் மிகக் குறைவாக இருக்கிறதோ அவரிடமிருந்தே இந்த மூன்றும் மிக அதிகமாக வசூலாகின்றன.

ஒரு மனுவின் பயணம்

திங்கட்கிழமை காலையில் எந்த ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள். "பெறுநர், உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்" என்ற வரி முன்பே எழுதித் தயாராக இருக்கும். வாசலில் காவலர்கள் பைகளைச் சோதிப்பார்கள். உள்ளே பதிவு மேசையில் மனுவுக்கு எண் போட்டு ஒரு சீட்டு தருவார்கள். கூட்ட அரங்கில் ஆட்சியர் மனுவை வாங்கிப் பார்த்து, இரண்டு வார்த்தை கேட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி, பக்கத்தில் இருக்கும் துறை அலுவலரிடம் கொடுப்பார். அந்த ஒரு நிமிடத்தில் மனுதாரரின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்சியரே கையில் வாங்கிவிட்டார் என்ற நிம்மதி அது.

அதற்குப் பிறகுதான் மனுவின் பயணம் தொடங்குகிறது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. அறிக்கை அதே படிகளில் மேலே ஏறி வரும். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்பது தமிழ்நாடு அரசின் ஆணை. பதில் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் மனுவை இன்னார் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்பதே பதிலாக வரும்போது, கணக்கில் ஒரு மனு முடிந்துவிடுகிறது, வீட்டில் குறை அப்படியே இருக்கிறது. எந்த மேசையில் சிக்கல் முளைத்ததோ அந்த மேசைக்கே மனு திரும்பிப் போய்ச் சேர்வதும் உண்டு. பட்டாவில் பெயரைத் தவறாக ஏற்றியவரிடமே, பெயர் தவறா என்று அறிக்கை கேட்டால் அவர் என்ன எழுதுவார்?

இதைத் தனிமனிதரின் கல்நெஞ்சம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதிய நூல், மக்களோடு நேருக்கு நேர் நிற்கும் கடைநிலை ஊழியர்களைப் பற்றியது. தேவை மலைபோல் வந்து குவியும்போது நேரமும் ஆளும் இல்லாத ஊழியர், வரிசையைக் குறைக்கத் தனக்கென்று குறுக்குவழிகளை உண்டாக்கிக்கொள்கிறார். நாளடைவில் அந்தக் குறுக்குவழிகளே அரசின் கொள்கை ஆகிவிடுகின்றன என்றார் அவர். நம் கிராம நிர்வாக அலுவலரை நினைத்துப் பார்க்கலாம். அடங்கல், சான்றிதழ் விசாரணை, தேர்தல் பணி, வெள்ளக் கணக்கெடுப்பு, பயிர்ச்சேதப் பட்டியல், நடுவே முகாம்கள். அவர் மேசைக்கு வரும் மனு அவருக்கு ஒரு மனிதராகத் தெரியாது, நிலுவையில் ஓர் எண்ணாகத்தான் தெரியும். மேலதிகாரியும் எத்தனை முடிந்தது என்றுதான் கேட்பார். எத்தனை தீர்ந்தது என்று கேட்க அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மனம் நொந்தவர்கள் ஒரே மனுவை முதலமைச்சர், ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், துறைச் செயலாளர் என்று பத்துப் பேருக்கு நகல் போடுகிறார்கள். ஒருவராவது பார்ப்பார் என்பது நம்பிக்கை. ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் 1968இல் வெளியிட்ட சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு விரைந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேரே விரைந்தார்கள். இரண்டாவது குழுவில் இருந்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர்; வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தவர்கள். பொறுப்பைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். பல நேரங்களில் எல்லோருக்கும் பூஜ்யம்தான் கிடைக்கிறது.

இதன் விலை சிறியதல்ல. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமையால் நொந்த ஒரு தொழிலாளர் குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். முன்பே பலமுறை மனு கொடுத்திருந்தவர்கள். அந்த நால்வரும் அதற்குப் பிறகு உயிரோடு இல்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருந்தது, மனு வாங்க ஆள் இருந்தார், புகார் போக வேண்டிய காவல் நிலையமும் இருந்தது. இவை அத்தனையும் இருந்தும், முதல் மனு கொடுத்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தை விடாமல் பின்தொடர்ந்து "என்ன ஆயிற்று?" என்று கேட்க ஒருவர் இல்லை. அந்த நாளுக்குப் பின் ஆட்சியர் அலுவலக வாசல்களில் பைச் சோதனை கடுமையானது. அந்தச் சோதனை தேவையானதுதான். ஆனால் அந்தக் குடும்பம் நம்மிடம் விட்டுச் சென்ற பாடம் வாசலில் முடிந்துவிடுவதல்ல.

தரகர் ஏன் வாழ்கிறார்?

வட்டாட்சியர் அலுவலகம், பத்திரப்பதிவு அலுவலகம், போக்குவரத்து அலுவலகம் என எங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். "இடைத்தரகர்களை நம்பாதீர்கள்" என்ற பலகை மாட்டிய சுவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர்களில் பலர் லஞ்சத்துக்குப் பாலம் என்பது தெரிந்ததே, அதை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் மக்கள் ஏன் அவர்களிடம் போகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தரகர் படிவத்தை நிரப்புகிறார். எந்தச் சான்று குறைகிறது என்று முன்பே சொல்கிறார். எந்த நாளில், எந்த மேசையில், யார் இருப்பார் என்று அறிந்திருக்கிறார். கூடவே வருகிறார். வேலை முடியும் வரை போன் எடுக்கிறார். ஹவுஸ் வகுத்த நான்கு துணைகளில் மூன்றை அவர் தருகிறார்.

துணை விலைக்கு விற்கும் இடத்தில், அது இலவசமாக எங்கும் கிடைக்கவில்லை என்று பொருள். தரகரை விரட்டும் பலகையால் அந்த இடம் நிரம்பாது. அவர் செய்யும் நல்ல வேலையைக் காசு வாங்காமல் செய்ய ஓர் ஆளை நிறுத்தினால் அவர் தானாக இல்லாமல் போவார்.

மனத்துயரில் துணை தேடுவது

பட்டாவும் பணமும் கேட்பவரின் நிலை இது என்றால், மனம் உடைந்து உதவி கேட்பவரின் நிலை இன்னும் கடினம். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16), சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகக் கண்டது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். "ஊர் என்ன சொல்லும்" என்பது இன்னொன்று. மூன்றாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்: முதல் முறை வாய்திறந்தவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பது. "இதெல்லாம் ஒரு கஷ்டமா?", "கோயிலுக்குப் போ", "வேலை இல்லாததால வர்ற நினைப்பு இது" என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டவர் இரண்டாம் முறை வாய்திறக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அறிவுரையும் சொல்லாமல் குற்றமும் சொல்லாமல் காது கொடுக்கிறார்கள். அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தேர்வில் தோற்ற மாணவர்களின் துயரக் குரலைத் தொடர்ந்து கேட்டவர்கள், ஒரு பாடத்துக்காக ஓராண்டு காத்திருக்கும் கொடுமை நீங்க, அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். இன்று ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை சில வாரங்களில் மீண்டும் எழுதித் தன் வகுப்புத் தோழர்களோடு கல்லூரிக்குப் போக முடிகிறது. காது கொடுப்பது ஒரு துணை. கேட்டதை வைத்து வழியைச் சரிசெய்வது அதைவிடப் பெரிய துணை. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. துயரத்தில் இருப்பவர் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மனநல ஆலோசகரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் ஆற்றுப்படுத்துநர். இலங்கைத் தமிழர் இதே பணியை உளவளத்துணை என்பார்கள். ஒரு சொல் வழியைச் சொல்கிறது, மற்றது துணையைச் சொல்கிறது. நல்ல உதவிக்கு இவை இரண்டும் வேண்டும்.

ஆற்றுப்படை சொல்லும் முறை

ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள்: திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். இவற்றில் முதலாவது முருகனிடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கின் அமைப்பைத் தொல்காப்பியம் விளக்குகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் ஏழைக் கலைஞனைத் தனக்குக் கொடுத்த வள்ளலிடம் அனுப்பிவைக்கிறான்.

பாடத்தில் இதை வள்ளல் புகழ்பாடும் இலக்கியம் என்று படித்தோம். உதவி கேட்பவரின் பக்கத்தில் நின்று படித்தால், நல்ல துணையின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது.

முதலில், வழி சொல்பவன் அதே வறுமையில் இருந்து மீண்டவன். சிறுபாணாற்றுப்படையின் சமையலறைக் காட்சி எதிரில் நிற்பவனின் வீடு அல்ல, வழி சொல்பவனின் பழைய வீடு. தன் வெட்கத்தைத் தானே முதலில் சொல்லி, கேட்பவனின் வெட்கத்தை இறக்கிவைக்கிறான். இரண்டாவது, வழியைப் படிப்படியாகச் சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக, எங்கே யார் என்ன உணவு தருவார்கள் என்பது வரை. மூன்றாவது, ஆபத்தை மறைப்பதில்லை. செங்கண்மா நன்னனிடம் கூத்தர்களை அனுப்பும் மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் பள்ளம், வழுக்கும் பாறை, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. நான்காவது, போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் எப்படிப்பட்டவர், அவரை எப்படி அணுகுவது என்பதையும் சொல்லி அனுப்புகிறான்.

என் சித்தியின் தெருவில் அந்த அக்கா செய்தது இந்த நான்கும்தான். அவர் ஆற்றுப்படை படித்தவரல்லர். அந்த வழியில் நடந்தவர்.

எங்கே இது நடந்திருக்கிறது?

இந்த முறையை அமைப்பாக்கவும் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் அறுவை மருத்துவர் ஹரால்ட் ஃப்ரீமன் 1990இல் ஒரு திட்டம் தொடங்கினார். ஏழைக் கறுப்பினப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர் மலிவான பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். கூடவே, சந்தேகம் எழுந்த நாள் முதல் சிகிச்சை முடியும் வரை ஒவ்வொரு பெண்ணுக்கும் வழித்துணையாக ஓர் ஆளை அமர்த்தினார். காப்பீட்டுத் தாள், பயணச் செலவு, பயம் என எது தடையானாலும் அதை நீக்குவது அந்த வழித்துணையின் வேலை. முன்பு அந்த மருத்துவமனையில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 39 சதவீதம். பரிசோதனையும் வழித்துணையும் வந்த பிறகு அது 70 சதவீதம் ஆனது.

நம் மண்ணில், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கேட்பவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகிறார்கள். உரிமைத்தொகை விண்ணப்பமே அப்படித்தான் நடந்தது: நியாயவிலைக் கடைப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்ததால் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்து, முதல் கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் பணம் கிடைத்தது. விண்ணப்பிக்கும் வரை வீடு தேடி வந்த கை, சிக்கல் வந்த பிறகும் நீண்டிருந்தால் சித்தி நான்கு வாசல் ஏறியிருக்க மாட்டார்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் சட்டத் தன்னார்வலர்களும் இந்த வகையினரே. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. இது தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

கேட்பவர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. ராஜஸ்தானில் பியாவர் நகரத்தில் 1996இல் எளிய மக்கள் நடத்திய தர்ணா அந்த மாநிலத்தின் எல்லையைத் தாண்டி ஓர் இயக்கமாகி, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகக் கனிந்தது. இன்ன தேதியில் நான் கொடுத்த மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, அதன்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தூங்கிய மனு இந்த ஒரு கேள்வியால் விழித்ததைப் பலர் அனுபவத்தில் அறிவார்கள். 2010இல் மத்தியப் பிரதேசம் குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று அபராதம் விதிக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாகக் கொண்டுவந்தது. இப்படியொரு சட்டம் வேண்டும் என்று தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாகக் குரல் எழுந்துவந்திருக்கிறது.

செய்ய வேண்டியது

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். வாசல்களுக்கு இனிப் பஞ்சமில்லை. வாசலிலிருந்து உள்ளே போய்த் திரும்பி வரும் வரை கூட நடக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, மனுவுக்கு எண் தருவதோடு ஒரு பெயரும் தர வேண்டும். எத்தனை மேசை மாறினாலும் மனுதாரருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்தப் பெயருக்கு உரியவருடையது. இரண்டு, மனு முடிந்ததா என்பதை மனுதாரரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அனுப்பிவிட்டோம் என்பது தீர்வாகாது. மூன்று, ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் வழித்துணையாக ஆட்கள் அமர வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்த வழியில் நடந்து அலைந்து மீண்ட மகளிர் குழுப் பெண்களுக்குச் சில வாரப் பயிற்சியும் நியாயமான ஊதியமும் போதும்.

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வழியில் அலைந்து மீண்ட ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடன்பட்டவர்தான். எந்தச் சான்றுக்கு எங்கே போனோம், எந்த மேசையில் தவறு நேர்ந்தது, யார் கனிவாகப் பேசினார் என்பதையெல்லாம் நம் துன்பக் கதையாக மட்டும் சொல்லாமல் வழிக்குறிப்பாகச் சொல்லப் பழக வேண்டும்.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து இளம்பெண் ஒருத்தி கையில் கைபேசியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, புத்தகத்தில் இல்லையாம். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்த சித்தி அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "கேஸ் மானியம் எந்தப் புஸ்தகத்துல வந்துச்சு தாயி?" அவள் யோசித்துச் சொல்வதற்குள் சித்தி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.